இளம் பிட்சரின் பந்து வேகமும் கல்லூரி அணித் தேர்வும்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் மகனுக்கு 13 அல்லது 14 வயதாகும்போது, பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன் ஒன்று எப்படியோ வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அன்று முதல் வார இறுதிகள் அதன் சிறிய திரையில் தெரியும் எண்ணைச் சுற்றியே கழிகின்றன. சென்ற மாதம் மணிக்கு 71 மைல், இந்த மாதம் 73, எதிரணிப் பையன் 78 என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆர்வத்தில் தவறு இல்லை. பந்து வீசுகிறவனான பிட்சரைக் கல்லூரிப் பயிற்சியாளர் திரும்பிப் பார்ப்பதற்கு முதல் காரணம் வேகம்தான். ஆனால் எண்ணையே துரத்துகிறவர்களைவிட, அந்த எண் எவற்றின் விளைவாக வருகிறதோ அவற்றை ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் செய்கிறவர்கள்தாம் 18 வயதில் வேகத்தோடும் பழுதில்லாத முழங்கையோடும் நிற்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல்லூரித் தேர்வுக்கான ஏற்பாடுகளையும் அந்த நம்பிக்கையின் அடிப்படையிலேயே இங்கே விளக்குகிறேன்.

எண்ணைச் சரியாகப் படித்தல்

கையிலிருந்து மணிக்கு 90 மைல் வேகத்தில் புறப்படும் பந்து, காற்றின் தடையால், மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டை அடையும்போது ஏறத்தாழ 82 மைலுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே கருவி பந்தை எந்த இடத்தில் பிடித்தது என்பதைப் பொறுத்து எண் மாறும். பிட்சருக்கோ, பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கோ நேர் பின்னால் நின்று அளப்பதே சரி. பக்கவாட்டில் நின்று அளந்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே கருவியால் அளந்து, மாதத்துக்கு ஒரு முறை மட்டும் குறித்துவைத்தால் போதும். ஒவ்வொரு பந்துக்கும் எண்ணை உரக்கச் சொல்லும் பழக்கம் மகனை ஒவ்வொரு பந்திலும் முழு வலுவையும் செலவிடத் தூண்டும். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

உச்ச வேகம் வேறு, வழக்கமாக வீசும் வேகம் வேறு. ஒரே ஒரு பந்தில் 86ஐத் தொட்டவனை 86 மைல் பிட்சர் என்று எந்தப் பயிற்சியாளரும் எழுதுவதில்லை. நான்காவது இன்னிங்ஸிலும் 82 முதல் 84 வரை வீசுகிறான் என்றால் அதுதான் அவருடைய குறிப்பேட்டில் ஏறும். பொதுவாகச் சொன்னால், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் உள்ள பெரிய கூட்டமைப்புகளில் ஆடும் கல்லூரிகள் வலக்கைப் பிட்சரிடம் 90ஐ ஒட்டியோ அதற்கு மேலோ எதிர்பார்க்கின்றன. முதல் பிரிவின் மற்றக் கல்லூரிகளில் 80களின் பின்பாதியில் இருப்பவர்களுக்கும், இரண்டாம் பிரிவில் 80களின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. மூன்றாம் பிரிவில் 80களின் தொடக்கத்தில் வீசுகிறவனும் நல்ல கட்டுப்பாடு இருந்தால் ஆடலாம். இடக்கையருக்கு இரண்டு மைல் அளவுக்குச் சலுகை உண்டு. இவை தோராயமான எல்லைகள் மட்டுமே. 16 வயதில் 78 வீசும் உயரமான, இன்னும் சதைப்பற்று ஏறாத பையனை, அதே வயதில் 83 வீசும் முழுமையாக வளர்ந்துவிட்ட பையனைவிட ஆவலோடு பார்க்கும் பயிற்சியாளர்கள் உண்டு.

வேகம் எங்கிருந்து பிறக்கிறது

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே ஒரு தடுமாற்றம் நேர்கிறது. வேகப்பந்து வீச்சாளர் நீண்ட தூரம் ஓடிவந்து அந்த ஓட்டத்தின் விசையைப் பந்துக்கு மாற்றுகிறார். வீசும் கணத்தில் முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டக் கூடாது என்பது விதி. பிட்சருக்கோ ஓட்டம் இல்லை. 10 அங்குல உயரமுள்ள, மவுண்ட் என்னும் மண்மேட்டின் மேல் ரப்பர் பட்டையில் கால் பதித்து, ஒரே ஓர் எட்டில் முழு விசையையும் உண்டாக்கி, 60 அடி 6 அங்குலத் தொலைவுக்கு வீச வேண்டும். முழங்கையோ நன்றாக மடங்கி, பிறகு மின்னல்போல் நீள்கிறது. எனவே கையை வலுப்படுத்தினால் வேகம் கூடும் என்ற எண்ணம் இயல்பாக வருவதுதான். ஆனால் கை என்பது சாட்டையின் நுனி மட்டுமே, சாட்டையைச் சொடுக்குவது கால்களும் இடுப்பும்.

அசைவின் வரிசையைத் தெரிந்துகொண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பது புலப்படும். பின்காலால் தரையைத் தள்ளி உடல் முன்னே நகர்கிறது. எட்டின் நீளம் தேர்ந்த பிட்சர்களிடம் அவர்களுடைய உயரத்தின் 80 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கும். முன்கால் தரையில் பதியும்போது இடுப்பு ஹோம் பிளேட்டை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும், தோள்களோ இன்னும் பக்கவாட்டிலேயே நிற்க வேண்டும். இடுப்புக்கும் தோளுக்கும் இடையே ஏற்படும் இந்த முறுக்கில்தான் வேகத்தின் பெரும் பங்கு சேமிக்கப்படுகிறது. அதன்பின் முன்கால் முட்டி மேலும் மடங்காமல் உறுதியாக நின்று, பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் நேராகிறது. ஓடும் வண்டி சட்டென்று நிற்கும்போது உள்ளே இருப்பவர் முன்னே தூக்கியெறியப்படுவதுபோல, அந்தத் தடுப்பால் இடுப்பின் விசை நெஞ்சுக்கும், நெஞ்சின் விசை தோளுக்கும் ஏறுகிறது. நெஞ்சு முன்னே சுழலும்போது முன்கை பின்னால் படுத்துக்கொள்கிறது. அடுத்த கணத்தில் தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் தேர்ந்த வீரர்களிடம் நொடிக்கு ஏறத்தாழ 7000 பாகை. அதே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க முடிந்தால், ஒரு நொடியில் 19 முழுச் சுற்றுகளுக்கு மேல் வரும். மனித உடல் செய்யும் அசைவுகளில் இவ்வளவு விரைவானவை மிகச் சில.

இந்த வரிசையில் கீழே எங்காவது ஒரு கண்ணி தளர்ந்தால் அந்தக் குறையைக் கை ஈடுகட்ட முயல்கிறது. தோள்கள் இடுப்போடு சேர்ந்தே திரும்பிவிடும் பையன் அதே வேகத்தை எட்டக் கையை மேலும் இழுக்கிறான். அந்த இழுப்பின் பெரும் பங்கைத் தாங்குவது முழங்கையின் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய தசைநார். வேகமும் காயத் தடுப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பலர் நினைக்கிறார்கள். அசைவு ஒழுங்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வழி ஒன்றே.

இதைக் கவனிக்க விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. கைப்பேசியின் மெதுவோட்டக் காணொளி வசதி போதும். வலக்கைப் பையனை மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து ஒரு முறையும், நேர் பின்னாலிருந்து ஒரு முறையும் எடுங்கள். முன்கால் பதியும் சட்டகத்தில் நிறுத்தி, இடுப்பு திரும்பித் தோள் திரும்பாமல் இருக்கிறதா, வீசும் கை உயர்ந்து தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். கால் பதிந்துவிட்ட பிறகும் கை கீழேயே இருந்தால் அது தாமதம், அந்தத் தாமதம் முழங்கையைத்தான் வாட்டும். பிறகு பந்து விடுபடும் சட்டகத்தில் முன்முட்டி நேராகியிருக்கிறதா, இன்னும் மடங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஒரு பருவத்தில் ஒரு குறையை மட்டும் திருத்துங்கள். ஒரே வாரத்தில் நான்கு அறிவுரைகள் கேட்ட பையன் மவுண்டில் உடலை மறந்து மூளையால் வீசத் தொடங்குவான். வேகம், கட்டுப்பாடு இரண்டுமே போய்விடும்.

உடலைக் கட்டுதல்

13 முதல் 16 வயது வரை வேகம் ஏறுவதில் பெரும் பங்கு வளர்ச்சிக்கே உரியது. உயரம் கூடி, எடை கூடி, நெம்புகோல் நீளும்போது, சிறப்புப் பயிற்சி எதுவும் இல்லாமலே எண் ஏறும். ஆகவே இந்த வயதில் பெற்றோர் செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி அந்த வளர்ச்சிக்கு இடம் கொடுப்பதுதான்: இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம், ஒவ்வொரு வேளையும் போதிய புரதத்தோடு வயிறாரச் சாப்பாடு, ஆண்டின் ஒரு பகுதியிலாவது வேறொரு விளையாட்டு. மெலிந்த பையன்கள் பலருக்கு வேகத்தைத் தடுத்து நிற்பது நுட்பக் குறை அல்ல, எடைக் குறையே. 140 பவுண்டு உள்ள பையன் இரண்டு ஆண்டுகளில் முறையாக 170க்கு வந்தால் அவன் பந்தும் வேறாகிவிடும்.

13, 14 வயதில் சொந்த உடல் எடையைக் கொண்டு செய்யும் பயிற்சிகள், குறுந்தூர வேக ஓட்டம், குதித்தல், மெடிசின் பாலைச் சுவரில் பக்கவாட்டாக எறிதல் ஆகியவை போதும். 15க்கு மேல், சரியான முறையைக் கற்றுத்தரும் ஒருவரின் மேற்பார்வையில், டெட்லிஃப்ட், ஒற்றைக்கால் ஸ்குவாட், லஞ்ச், முதுகுக்கான இழுப்புப் பயிற்சிகள் என்று எடை தூக்கத் தொடங்கலாம். பந்து விடுபட்ட பிறகு அந்தக் கையை நிறுத்த வேண்டிய பொறுப்பு தோளின் பின்பக்கத் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளுக்கும் உரியது. கண்ணாடியில் தெரியும் நெஞ்சையும் புஜத்தையும் மட்டும் வளர்க்கும் பையன்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள். ரப்பர் பட்டைகளைக் கொண்டு செய்யும் எளிய தோள் பயிற்சிகளை ஒவ்வொரு எறிதலுக்கும் முன்பு பல் துலக்குவதுபோல் செய்ய வேண்டும்.

எறிதலைப் பொறுத்தவரை, லாங் டாஸ் என்னும் தூர எறிதல் நெடுங்காலமாகக் கைகொடுத்துவரும் முறை. 60 அடியில் தொடங்கிப் படிப்படியாகத் தூரத்தைக் கூட்டி, பிறகு மீண்டும் அருகே வந்து தாழ்வாக வீசி முடிப்பது வழக்கம். வேகமாக வீசக் கற்க வேண்டுமானால் சில நாட்களில் வேகமாகவே வீச வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அது வாரத்தில் ஒன்றிரண்டு நாட்கள் மட்டும், நன்றாக ஓய்வெடுத்த கையோடு, குறைந்த எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

எடைப் பந்துப் பயிற்சியைப் பற்றி என்னிடம் கேட்காத பெற்றோர் அரிது. வழக்கமான பேஸ்பாலின் எடை 5 முதல் 5.25 அவுன்ஸ், அதைவிடக் கனமான, இலேசான பந்துகளை மாறி மாறி எறிவதே இந்த முறை. இது வேகத்தைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளி வயதுப் பிட்சர்களை வைத்து ஆறு வாரம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எடைப் பந்து எறிந்த குழுவின் வேகம் கூடியதோடு, அவர்களில் 24 விழுக்காட்டினருக்குக் காயமும் ஏற்பட்டது. எலும்பு வளர்ச்சி முடியாத, இரண்டு ஆண்டு வலுப்பயிற்சி கூடப் பெறாத பையனுக்கு இதைத் தர நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அடித்தளம் உள்ள 17 வயதுப் பையனுக்கு, போட்டிகள் இல்லாத காலத்தில், ஒவ்வொரு எறிதலையும் கண்காணிக்கும் பயிற்சியாளரிடம் மட்டும் இதைப் பற்றிப் பேசலாம்.

கையைக் காத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். வளரும் பையனின் தோளிலும் முழங்கையிலும் எலும்பு நீளும் இடங்கள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. தசையும் தசைநாரும் தாங்கும் விசையை அந்தக் குருத்துத் தாங்காது. அதனால்தான் 11 முதல் 14 வயது வரையில் முழங்கையின் உட்பக்க வலியும் தோளின் மேற்பகுதி வலியும் அவ்வளவு அதிகமாக வருகின்றன. குருத்து மூடிய பிறகு, அடுத்துத் தோற்பது தசைநார். 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் பிட்சர் டாமி ஜானின் முழங்கைத் தசைநாருக்குச் செய்த அறுவைச் சிகிச்சை இன்று அந்தப் பிட்சரின் பெயராலேயே வழங்குகிறது. அதன்பின் மீண்டும் போட்டியில் வீச ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அந்தச் சிகிச்சை வேகத்தைக் கூட்டும் என்று நம்பும் பையன்களும் பெற்றோரும்கூட இருக்கிறார்கள். அது பொய். மீண்டு வருகிறவர்கள் வேகமாக வீசினால், ஓராண்டு முழுவதும் ஒழுங்காகச் செய்த வலுப்பயிற்சியும் ஓய்வும்தான் அதற்குக் காரணம்; அவற்றை அறுவை இல்லாமலே செய்யலாம்.

அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுகள் மூன்று எண்களைத் தந்திருக்கின்றன. மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய சிறுவர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு. ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் போட்டிகளில் வீசியவர்கள் அறுவை மேசைக்குச் செல்லும் வாய்ப்பு 5 மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 36 மடங்கு. கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். சோர்வுதான் முதல் எதிரி.

தொழில்முறை பேஸ்பால் லீகான எம்எல்பியும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் நெறிமுறைகள் வயதுவாரியாக எல்லை வகுத்திருக்கின்றன. ஒரு நாளில் 11, 12 வயதினருக்கு 85 பந்துகள், 13 முதல் 16 வரை 95, 17, 18 வயதினருக்கு 105. 15, 16 வயதுப் பையன் 30 பந்துகள் வரை வீசினால் மறுநாளே வீசலாம். 45 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு, 75 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு நாட்கள். ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் பிட்ச் செய்யாமல் இருக்க வேண்டும். அவற்றில் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக, தோளுக்கு மேல் கை உயர்த்தி எறியும் எந்தச் செயலும் இல்லாமல் கழிய வேண்டும். பிட்ச் செய்து முடித்த பையனைக் கேட்சராக நிறுத்தவும் கூடாது, ஏனெனில் பிட்சருக்கு அடுத்தபடியாக அதிகம் எறிகிறவர் கேட்சர்தான். கர்வ்பால் போன்ற வளைபந்துகளை, வேகப் பந்தான ஃபாஸ்ட்பாலும் வேகம் குறைந்த சேஞ்சப்பும் நிலைபெற்ற பிறகே, 13 வயதுக்கு முன்பு அன்று, தொடங்கலாம்.

2017 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் ஒவ்வொரு மாநிலமும் பந்து எண்ணிக்கை விதி வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். ஆனால் பள்ளிப் பயிற்சியாளர் பள்ளி ஆட்டத்தை மட்டுமே எண்ணுகிறார், பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகச் சென்று ஆடும் டிராவல் அணியின் பயிற்சியாளர் தம் ஆட்டத்தை மட்டுமே எண்ணுகிறார், தனிப் பயிற்சி தருகிறவர் தம் புல்பென் என்னும் பயிற்சி வீச்சை மட்டுமே எண்ணுகிறார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் நாள், வீசிய பந்துகள், மறுநாள் கை எப்படி இருந்தது என்று மூன்று பத்திகள் போட்டு எழுதுங்கள். வியாழக்கிழமை பள்ளிக்காக 70 பந்துகள் வீசியவனை ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் வீசச் சொன்னால் அந்த நோட்டைக் காட்டி மறுத்துவிடலாம். அப்போது மனம் நோகும் பயிற்சியாளர் இருப்பார். அவருக்காக வருந்த வேண்டாம். முழங்கையின் உட்பக்கத்திலோ தோளிலோ வலி என்று மகன் சொன்னால் அன்று எறிதல் முடிந்தது. மறுநாளும் வலித்தால் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். வலியைச் சொன்னால் அப்பா ஏமாற்றமடைவார் என்று நினைத்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த நினைப்பு வர வாய்ப்பே தராதீர்கள்.

மிகத் திறமையானவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. இந்திய வம்சாவளித் தாயின் மகனான குமார் ராக்கர், 2019இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத நோ-ஹிட்டர் ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். எம்எல்பி அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2021இல் பத்தாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அந்த அணி அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. தோள் அறுவை, பிறகு 2023இல் டாமி ஜான் அறுவை ஆகியவற்றைக் கடந்து 2024 செப்டம்பரில்தான் அவர் எம்எல்பியில் முதல் பந்தை வீசினார்.

வேகத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுபவை

வேகம் பயிற்சியாளரை வேலியருகே வரவழைக்கும். அங்கே அவரை நிறுத்திவைப்பது ஸ்ட்ரைக் வீசும் திறன், அதாவது பந்தை உரிய எல்லைக்குள் போடும் திறன். 88 வீசி, ஆனால் எல்லைக்கு வெளியே போட்டு இன்னிங்ஸுக்கு இரண்டு பேரை முதல் பேஸுக்கு நடக்கவிடும் பையனைவிட, 85 வீசி ஃபாஸ்ட்பாலை இரு பக்கமும் வைக்கத் தெரிந்தவனுக்கே கல்லூரியில் விரைவில் மவுண்ட் கிடைக்கும். ஃபாஸ்ட்பாலிலிருந்து எட்டுப் பத்து மைல் குறைவாக, அதே கை வேகத்தோடு வரும் சேஞ்சப் முழங்கைக்கும் நல்லது, மட்டையாளருக்கும் தலைவலி. பேஸில் ஆள் இருக்கும்போது, பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரின் கையுறையை அடையும் வரை 1.3 நொடிக்குள் முடிகிறதா என்று கல்லூரிப் பயிற்சியாளர்கள் நேரக்கருவி வைத்துப் பார்ப்பார்கள். தவறு செய்த தோழனைப் பார்த்துக் கையை விரிப்பவனையும், அம்மாவிடம் சிடுசிடுப்பவனையும் கவனித்துக் குறித்துக்கொள்வார்கள்.

கல்லூரித் தேர்வுக்கான ஏற்பாடு

தொடக்கம் மைதானத்தில் இல்லை, ஒன்பதாம் வகுப்பின் பாடத் தேர்வில் இருக்கிறது. என்சிஏஏ முதல் பிரிவில் ஆட, அங்கீகரிக்கப்பட்ட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரியும் வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2. முதல் பிரிவுக்கு அந்த 16இல் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் இருக்க வேண்டும். எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்கள் 2023 முதல் இந்தத் தகுதிக்குத் தேவையில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டுமா என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவுசெய்யும். பள்ளி ஆலோசகரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைப் பேசி, என்சிஏஏ தகுதி மையத்தில் கணக்குத் தொடங்கிவிடுங்கள். இவை மிகக் கீழான எல்லைகள். 3.8 ஜிபிஏ உள்ள பிட்சருக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கும். அதனால் பயிற்சியாளரின் பணம் மிச்சமாகும். அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு பேரில் ஒருவனைத் தேர்ந்தெடுப்பது நடப்பதுண்டு.

தொடர்பு விதிகளை அறியாமல் வருந்தும் குடும்பங்கள் பல. முதல் பிரிவுப் பேஸ்பால் பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றாம் வகுப்பு தொடங்கவிருக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 வரை உங்கள் மகனோடு தேர்வு குறித்துப் பேசக் கூடாது. இரண்டாம் பிரிவுக்கு அந்த நாள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15. மூன்றாம் பிரிவில் இத்தகைய தடை இல்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வராததைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் வரும் முகாம் அழைப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், அது பெரும்பாலும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செல்லும் ஒன்று.

மின்னஞ்சலை மகனே எழுத வேண்டும். பெற்றோர் எழுதியதைப் பயிற்சியாளர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பயிற்சியாளரின் பெயர், பட்டம் பெறும் ஆண்டு, உயரம், எடை, எந்தக் கை, ஜிபிஏ, வழக்கமான வேகமும் உச்ச வேகமும், அடுத்து ஆடவிருக்கும் போட்டிகளின் நாளும் இடமும், அந்தக் கல்லூரியை ஏன் விரும்புகிறான் என்பதற்கு உண்மையான ஒரு காரணம் ஆகியவை இருந்தால் போதும். இணைக்கும் காணொளி இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் இருக்கட்டும். பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த புல்பென் காட்சி, ஒவ்வொரு வகைப் பந்தும் சில முறை, முடிந்தால் ரேடார் எண் தெரியும்படி. பின்னணி இசை வேண்டாம். வேகத்தை இரண்டு மைல் கூட்டி எழுதும் ஆசை வரும். நேரில் வந்து அளக்கப்போகிறவரிடம் அது எடுபடாது, அதற்குப் பிறகு அவன் சொல்லும் எதையும் அவர் நம்பவும் மாட்டார்.

பெர்ஃபெக்ட் கேம், பிரெப் பேஸ்பால் போன்ற அமைப்புகள் நடத்தும் ஷோகேஸ்கள், அதாவது பயிற்சியாளர்கள் முன் திறமையைக் காட்டும் நிகழ்ச்சிகள், பயனுள்ளவையே, ஆனால் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்போது மட்டும். 14 வயதில் 70 வீசும் பையனை அங்கே அனுப்பிப் பதிவாகும் எண் அவன் பெயரோடு இணையத்தில் நீண்ட காலம் இருக்கும். குளிர்காலத்தில் நடக்கும் ஷோகேஸ்கள் எனக்குக் கவலை தருகின்றன, ஏனெனில் ஓய்வில் இருக்க வேண்டிய கை அங்கே 20 பந்துகளில் தன் உச்சத்தைக் காட்ட முனைகிறது. பிட்சர்களின் காயங்கள் பற்றி எம்எல்பி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும், வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு வீசுவதும் இளையோர் வரை இறங்கிவந்துவிட்டதைக் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்திருக்கிறது. மகன் உண்மையாகவே சேர விரும்பும், அவன் தரத்துக்குப் பொருந்தும் கல்லூரி ஒன்று தன் வளாகத்தில் நடத்தும் முகாமுக்கு அந்தப் பணத்தையும் அந்தப் பந்துகளையும் செலவிடுவதே மேல்.

தரத்துக்குப் பொருந்துகிறதா என்று எப்படி அறிவது? கல்லூரி அணியின் இணையப் பக்கத்தில் வீரர் பட்டியல் இருக்கும். அதில் உள்ள பிட்சர்களின் உயரம், எடை, எங்கிருந்து வந்தார்கள், முதலாண்டு மாணவர்கள் எத்தனை இன்னிங்ஸ் வீசினார்கள் என்று பாருங்கள். பிட்சர்களில் பாதிப் பேர் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள் என்றால், 18 வயதுப் பையனை வளர்த்தெடுக்கும் பொறுமை அங்கே குறைவு என்று பொருள். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும், 2018இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இதை மிகவும் மாற்றிவிட்டது. 18 வயதில் 86 வீசுகிறவனைவிட 21 வயதில் 92 வீசுகிறவனை அழைப்பது பயிற்சியாளருக்கு எளிது.

பணக் கணக்கும் மாறிவிட்டது. முன்பு முதல் பிரிவு அணி ஒன்றுக்கு மொத்தம் 11.7 உதவித்தொகைகள் மட்டுமே. அவற்றைத் துண்டு துண்டாக 27 பேர் வரை பங்கிட்டார்கள். 2025 ஜூனில் என்சிஏஏ வழக்கில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அதற்குப் பதிலாக அணியில் 34 பேர்தான் இருக்கலாம் என்ற எல்லை வந்திருக்கிறது. பணம் தர வழி திறந்தாலும், இடங்கள் குறைந்திருப்பதால் உதவித்தொகை இல்லாமல் சேரும் வாக்-ஆன் வீரர்களுக்கு அங்கே முன்புபோல் இடமில்லை. மூன்றாம் பிரிவிலும் ஐவி லீகிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. கல்வித் தகுதிக்கும் குடும்பத் தேவைக்கும் ஏற்ற உதவி உண்டு, அது பல நேரங்களில் முதல் பிரிவின் கால்வாசி உதவித்தொகையைவிடப் பெரிது.

இரண்டாண்டுக் கல்லூரிகளை நம் சமூகம் ஏளனமாகப் பார்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அவற்றின் விளையாட்டு அமைப்பான என்ஜேசிஏஏவின் முதல் பிரிவுக் கல்லூரிகள் 24 உதவித்தொகைகள் வரை தரலாம். முதலாண்டிலேயே நிறைய இன்னிங்ஸ் கிடைக்கும். 84 வீசி உள்ளே சென்று 91 வீசி வெளியே வந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் உண்டு. தாமதமாக மலர்வது இந்த விளையாட்டில் புதிதும் அன்று. ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப் என்னும் தடுப்பாட்டக்காரராகச் சேர்ந்தவர், மூன்றாம் ஆண்டில்தான் பிட்ச் செய்யத் தொடங்கினார். பின்னாளில் 2018, 2019 ஆண்டுகளில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். பால் ஸ்கீன்ஸ் விமானப்படை அகாடமியில் கேட்சராகவும் ஆடிக்கொண்டிருந்தவர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு (எல்எஸ்யூ) மாறி, 2023இல் நாட்டின் முதல் டிராஃப்ட் தேர்வானார்.

அழைப்பு வந்ததும் மயங்கிவிடாமல் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி, காயம்பட்டால் அது தொடருமா, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பிட்சர்களுக்கு முழங்கை அறுவை நடந்தது, மகனைச் சேர்க்கும் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் நிலை என்ன என்பவை மரியாதைக்குறைவான கேள்விகள் அல்ல. வாய்மொழி ஒப்புதல் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. தேசிய விருப்பக் கடிதம் என்ற பழைய ஏற்பாடு 2024 அக்டோபரில் நீக்கப்பட்டு, நிதியுதவி ஒப்பந்தமே இப்போது கையெழுத்தாகிறது; அதைக் குடும்பமாக உட்கார்ந்து முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கையெழுத்தான பிறகு வரும் கடைசிக் கோடையில் மகன் எத்தனை இன்னிங்ஸ் வீச வேண்டும் என்று கல்லூரிப் பயிற்சியாளரிடமே நேரடியாகக் கேளுங்கள்; எறிதல் அட்டவணை அனுப்பினால் அதை அப்படியே பின்பற்றட்டும். பள்ளிப் பருவத்தில் 60, 70 இன்னிங்ஸ் வீசிய கைக்கு ஜூன் மாதம் ஓய்வு, ஜூலையில் படிப்படியான லாங் டாஸ், ஆகஸ்டில் புல்பென் என்று போனால், செப்டம்பரில் வளாக மைதானத்தில் முதல் முறையாகப் பந்தை வாங்கும்போது கை புத்துணர்வோடு இருக்கும். அந்த நோட்டுப் புத்தகத்தையும் அவனுடைய பையில் வைத்து அனுப்புங்கள். இனி அதை எழுத வேண்டியவன் அவன்தான்.